பனிப் பாதைக்கும் உண்டு உரிமை

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பொருள் தேடிக் கடல் கடப்பது புதிதன்று. ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் நம் பாட்டன்மார் காலத்துப் பெயர்கள். துபாயும் குவைத்தும் தம்மாமும் நம் தந்தையர் காலத்துப் பெயர்கள். பாலைவனத்து வெயிலும் மணற்காற்றும் எப்படியிருக்கும் என்பதை ஊரை விட்டு அகலாத நம் தாய்மார்களும் கடிதங்களின் வாயிலாகவே அறிந்திருந்தனர். இன்றோ கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் பிள்ளைகள் பேசுகின்றனர். அவர்கள் சொல்லும் பனியை நம் வீட்டுப் பெண்மக்களால் மனத்தில் உருவாக்கிக் கொள்ள இயலவில்லை. ஐஸ் பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் படும் குளிரே அவர்கள் அறிந்த பனி.

என் லாத்தாவின் மகன் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சிற்றூரில் பணிபுரிகிறான். மச்சான் மறைந்தபின் லாத்தாவுக்கு இருக்கும் ஒரே ஆதரவு அவன்தான். அவன் "பனியில் ஓட்டும் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன்" என்று சொன்ன நாள் முதல் லாத்தாவுக்கு உறக்கமில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ரமளானுக்கு முன்னதாக, அவன் அழைப்பின் பேரில் மூன்று வாரம் அங்குச் சென்று தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "தம்பி, அந்த வண்டியை நீயே பார்த்துவிட்டு வந்து சொல்" என்பதே லாத்தா எனக்கிட்ட கட்டளை. நான் பார்த்ததையும் கேட்டறிந்ததையும் இவ்விதழின் வாசகச் சகோதர சகோதரிகளோடும் பகிர்ந்து கொள்வது பயனுடையதாகும் என்று கருதுகிறேன். இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் இதே கவலை உண்டு.

அவ்வண்டிக்கு ஸ்னோமொபைல் என்று பெயர். முன்புறம் சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பட்டைகள். பின்புறம் போர்க்களத்து டாங்கியில் உள்ளது போன்ற சுழலும் ரப்பர்ப் பட்டை. நடுவே மோட்டார் சைக்கிளின் இருக்கை போன்ற இருக்கை. எடை ஏறத்தாழ 250 கிலோ இருக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரை மிக எளிதில் தாண்டிவிடும் ஆற்றல் இந்நாளைய வண்டிகளுக்கு உண்டு. கதவில்லை, கூரையில்லை, இடுப்புப் பட்டையும் இல்லை. இதை வெறும் விளையாட்டுச் சாதனம் என்று எண்ணியே நான் அங்குச் சென்று இறங்கினேன். இதன் பிறப்பு வரலாற்றைப் படித்தபோதுதான் அது எத்தகைய துயரிலிருந்து எழுந்தது என்பது விளங்கிற்று.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றொரு ஊர் உண்டு. அவ்வூரில் வாகனங்களைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வந்தவர் ஜோசஃப் ஆர்மன் பொம்பார்டியே. 1907இல் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பழைய ஃபோர்டு காரின் என்ஜினை ஒரு சறுக்கு வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டியவர். அக்காலத்தில் கியூபெக்கின் நாட்டுப்புறச் சாலைகளில் பனியை அகற்ற எவ்வித ஏற்பாடும் இல்லை. குளிர்காலம் வந்துவிட்டால் கார்களை மரக்கட்டைகளின் மீது தூக்கி வைத்துவிட்டு, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிகளையே நம்பியிருப்பார்கள். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. மருத்துவமனை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில். பாதை முழுதும் பனி. பட்டறையில் அவர் பல ஆண்டுகளாகச் செய்து வந்த பனி வண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகள் அவர் ஓயவில்லை. பற்சக்கரத்தால் இயங்கும் பட்டையை உருவாக்கி 1937இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஏழு பேர் அமர்ந்து செல்லும் பனி வண்டியும் 1942இல் பன்னிரண்டு பேர் செல்லும் வண்டியும் வந்தன. மருத்துவர்களையும் தபால்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அவை சுமந்து சென்றன. ஒருவர் இருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறிய ஸ்கீ-டூ வண்டி 1959இல் வெளிவந்தது. அவர் 1964இல் காலமானார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் உழைப்பிலிருந்து கிளைத்த வண்டியில் இன்று எத்தனையோ தந்தையரின் பிள்ளைகள் அவசரப்பட்டு உயிரிழக்கிறார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கனடாவின் வடகோடியில் வாழும் பழங்குடி மக்களுக்கு இன்றைக்கும் இது விளையாட்டு வண்டியன்று. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் விறகுக்கும் அயலூர் உறவினரைப் பார்க்கவும் குளிர்காலத்தில் அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இவ்வண்டியையே.

ஒண்டாரியோவின் பனிப் பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பனி வண்டிச் சங்கங்கள் உள்ளன. அவை ஒரு கூட்டமைப்பாக இணைந்து ஏறத்தாழ முப்பதாயிரம் கிலோமீட்டர் நீளப் பாதைகளைப் பராமரிக்கின்றன. இரவு நேரங்களில் பெரிய இயந்திரங்கள் சென்று பாதையைச் சமன் செய்கின்றன. கழிகள் நட்டு, அம்புக்குறிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைத்துப் பாதையைக் குறித்து வைக்கிறார்கள். பாதைச் சீட்டு வாங்காமல் அவற்றில் செல்லலாகாது. இதில் என் உள்ளத்தைத் தொட்டது யாதெனில், இப்பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் ஊடே செல்கிறது. ஆயிரக்கணக்கான விவசாயிகளும் காட்டு உரிமையாளர்களும் தங்கள் நிலத்தின் ஓரமாக ஒரு கீற்றைக் குளிர்காலம் முழுதும் ஊராருக்குத் திறந்து விடுகின்றனர். பெரும்பாலோர் இதற்கு வாடகை ஏதும் பெறுவதில்லை. அவர்களில் ஒருவர் மனம் நொந்து "என் நிலத்தில் இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அப்பாதை அங்கேயே அறுந்துவிடும். சங்கத்தார் வேறு வழி தேடிப் பல மைல் சுற்ற வேண்டும்.

நம்மூரில் வரப்பின் மீது நடந்து செல்ல விடுகிற மிராசுதாரின் பெருந்தன்மையைப் போன்றது இது. அந்த வரப்பை மிதித்துச் சரித்தவனால் எல்லாருக்குமே வழி அடைபட்ட கதைகளும் நம்மூரில் உண்டு.

நான் சென்ற முதல் ஞாயிற்றுக்கிழமை, மருமகன் என்னைப் பின்னால் அமர்த்திக் கொண்டு புறப்பட்டான். ஜிப்பாவுக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் தடித்த பனியுடுப்பு, தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தலைக்கவசம். தலைக்கவசம் அங்குச் சட்டப்படிக் கட்டாயம். ஓட்டுபவனின் மணிக்கட்டோடு ஒரு சுருள் கயிறு பிணைக்கப்பட்டிருந்தது. அவன் வண்டியிலிருந்து விழுந்தால் கயிறு பிடுங்கிக் கொண்டு என்ஜின் நின்றுவிடுமாம். வலப்பக்கமாகவே செல்கிறார்கள். கையால் குறிப்புக் காட்டுகிறார்கள். இடக்கையை நேரே மேலே உயர்த்தினால் நிற்கப் போகிறான் என்று பொருள். பக்கவாட்டில் நீட்டினால் இடப்புறம் திரும்புகிறான். எதிரே வருபவர்களுக்குப் பெருவிரலால் பின்பக்கம் சுட்டிக் காட்டினால் "எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் வருகின்றன" என்று அறிவிக்கிறான். வரிசையில் கடைசியாக வருபவன் மூடிய முஷ்டியைத் தோளளவு உயர்த்துகிறான். எதிரும் புதிருமாகப் போகிற அந்நியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளும் இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முன்னால் செல்லும் வண்டி எழுப்பும் பனித்தூள் மாவு மில்லில் பறக்கும் மாவைப் போல் கண்ணை மறைத்துவிடுகிறது. அந்த வெண்புகைக்குள் முன்னவன் நின்றிருந்தால் பின்னவனுக்குத் தெரியாது. போதிய இடைவெளி விடாமல் பின்தொடர்ந்து மோதுவது அங்கே அடிக்கடி நேரும் விபத்து என்று மருமகன் சொன்னான்.

இதைக் கேட்டதும் எனக்கு மதரஸாவில் பாடம் நடத்தும் 'ஹிதாயா' நினைவுக்கு வந்தது. அதன் ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஃபர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், கி.பி. 1197இல் மறைந்தவர். குதிரையில் சவாரி செய்பவன் பிறருக்கு விளைவிக்கும் சேதத்திற்கு எதெதில் பொறுப்பாவான் என்பது குறித்து அந்நூலில் நுணுக்கமான ஒரு பகுதி உண்டு. பொதுவழியில் செல்வது எல்லாருக்கும் ஆகுமானது. ஆயினும் பிறருக்குத் தீங்கு நேராமை அதன் நிபந்தனை என்பது அதன் அடிப்படை. விலங்கு மிதித்தால் சவாரி செய்பவன் பொறுப்பு. அதன் குளம்பு எழுப்பும் தூசியாலோ சிறு கல்லாலோ ஒருவருக்குச் சேதம் விளைந்தால் பொறுப்பில்லை. ஏனெனில் அதைத் தவிர்ப்பது அவனால் இயலாது. பெரிய கல்லாயிருந்தால் பொறுப்பு. ஓடும்போது விலங்கு பின்காலால் உதைத்ததற்குப் பொறுப்பில்லை. ஆனால் அவன் அதை வழியில் கொண்டுபோய் நிறுத்தி வைத்திருக்கும்போது உதைத்தால் பொறுப்பு உண்டு. வழியை அடைத்து நிற்பதைத் தவிர்ப்பது அவன் கையில்தான் இருந்தது.

தவிர்க்க இயல்வதற்கும் இயலாததற்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட இந்தக் கோட்டை வைத்தே ஒண்டாரியோவின் பனி வண்டிச் சட்டத்தையும் நான் புரிந்து கொள்ள முயன்றேன். ஒரு வேறுபாடு உண்டு. விலங்குக்குச் சொந்த விருப்பம் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை. ஆகவே ஓட்டுபவன் பழியைப் போட அங்கே வேறு யாரும் இல்லை.

அன்று லுஹர் வேளையில் பாதையை விட்டுச் சற்று விலகி வண்டியை நிறுத்தித் தொழுதோம். பனியின் மீது ஸுஜூது செய்வது பற்றியும் ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் சட்டம் இருக்கிறது. நெற்றி புதைந்து அடியில் உறுதி தட்டுப்படாவிட்டால் கூடாது. பனி இறுகி நெற்றி ஊன்றி நின்றால் கூடும். பனியையே கண்டிராத மாணவர்களுக்குப் பனியையே கண்டிராத நான் இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அன்று இருமுறை நெற்றியால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொழுதேன். மருமகன் சிரித்தான்.

ஏரிகளைப் பற்றிச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அந்நாட்டில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்துவிடும். அவற்றின் மீதே வண்டி ஓட்டுகிறார்கள். நடந்து செல்வதற்கே குறைந்தது 15 சென்டிமீட்டர் கனமுள்ள பனிக்கட்டி வேண்டும். பனி வண்டிக்கு 25 சென்டிமீட்டர் வேண்டும் என்பது அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்தார் கூறும் அளவு. நீலம் பாய்ந்த தெளிந்த கட்டியே வலிமையானது. வெள்ளைக் கட்டி அதில் பாதி வலிமையே உடையது. சாம்பல் நிறமாயிருந்தால் உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள். அதில் காலே வைக்கலாகாது. ஓர் ஏரியிலேயே ஓரிடத்தில் ஒரு முழமும், நீரோட்டம் உள்ள இன்னோரிடத்தில் நான்கு விரலுமாகக் கனம் மாறும். மேலே விழுந்திருக்கும் புதுப்பனி எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாகப் போர்த்தி மறைத்துவிடும்.

2020ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் இரவு, கியூபெக்கின் சான்-ழான் ஏரிப் பகுதியில் எட்டுப் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகளும் ஒரு வழிகாட்டியும் பனி வண்டிகளில் சென்றனர். குறியிடப்பட்ட பாதையை விட்டு அகன்று, ஏரி நீர் ஆறாக வெளியேறும் பகுதிக்கு அருகே அவர்கள் சென்றபோது பனிக்கட்டி உடைந்தது. ஐந்து பயணிகளும் வழிகாட்டியும் மாண்டனர். வழிகாட்டியே உடன் இருந்தும் நேர்ந்தது இது. காவல்துறையின் முக்குளிப்போர் பல நாட்கள் உறைநீரில் இறங்கி உடல்களைத் தேடினார்கள்.

நீரில் விழுந்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்காகச் சொல்லிக் கொடுத்து வருகிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதற்கு. குளிர்நீர் பட்டவுடன் உடல் தானாகவே பெருமூச்சு வாங்கும். அப்போது பதறினால் நீரை உள்ளிழுத்துவிடுவான். அடுத்த பத்து நிமிடங்களே கை கால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் வெளியேற வேண்டும். நினைவு தப்புவதற்கோ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே, வந்த திசையையே நோக்கித் திரும்பி, கால்களை உதைத்து, வயிற்றால் கட்டியின் மேல் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே வர வேண்டும். எழுந்து நின்றால் உடலின் பாரம் ஒரே இடத்தில் விழுந்து மீண்டும் உடையும். மருமகனின் கழுத்தில் இரண்டு சிறிய கூராணிகள் கயிற்றில் தொங்கின. வழுக்கும் கட்டியில் குத்தி ஏறுவதற்காம். அவற்றைப் பார்த்தபின், லாத்தாவிடம் எதைச் சொல்வது எதை விடுவது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

ஆனால் எங்களுக்கு நேர்ந்த சோதனை ஏரியில் வரவில்லை. ஒரு கோதுமை வயலில் வந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, மருமகன் தன் நண்பர் மூவருடன் புறப்பட்டுச் சென்றான். நான் வீட்டில் இருந்தேன். நால்வரும் குறுக்கு வழியில் போகலாம் என்று பாதையின் குறிக்கழிகளைத் தாண்டி ஒரு விவசாயியின் திறந்த வயலில் புகுந்திருக்கிறார்கள். பனி மூடிய வெற்று நிலம் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே குளிர்காலக் கோதுமை என்றொரு பயிர் உண்டு. இலையுதிர் காலத்தில் விதைத்துவிடுவார்கள்; முளைத்து, பனிக்கு அடியில் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் எழும். தளர்வாகக் கிடக்கும் பனிதான் அதற்குப் போர்வை. வண்டி ஏறி அந்தப் பனியை அழுத்திவிட்டால் குளிர் உள்ளே இறங்கும். கட்டி பிடித்துப் பயிர் மூச்சு முட்டிச் சாகும்.

பாதையில் ரோந்து வந்த காவலர் ஒருவர், அவரும் பனி வண்டியில்தான், விளக்கைப் போட்டு நிற்கச் சொன்னார். மருமகனும் ஒருவனும் நின்றார்கள். மற்ற இருவரும் விரைந்து தப்பிச் சென்றுவிட்டார்கள்.

இங்கே சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒண்டாரியோவில் பனிப் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. வண்டிக்குப் பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவனுக்கு உரிமம் வேண்டும். பிறர் நிலத்தில் இருக்கும்போது காவலர் மட்டுமல்லர், நிலத்துக்குரியவர் கேட்டாலும் நின்று, தான் யார் என்று சொல்ல வேண்டும். இவற்றை மீறினால் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். ஆனால் காவலர் துரத்தும்போது நில்லாமல் ஓடுவதும், மது அருந்திவிட்டு ஓட்டுவதும் அப்படிப்பட்டவையல்ல. சாலையில் கார் ஓட்டுபவனுக்கு உள்ள குற்றவியல் சட்டமே பனிக்காட்டில் செல்பவனுக்கும் பொருந்தும். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இக்குற்றங்களுக்குரிய அதிகபட்சத் தண்டனை பத்தாண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. பத்தாண்டு என்னும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டதால், குடியுரிமை பெறாதவர்கள், நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களேயானாலும், குற்றம் உறுதியானால் அந்நாட்டில் தங்கும் தகுதியையே இழக்க நேரலாம். ஒரு மாலை நேரத்து ஓட்டம், ஒரு குடும்பத்தின் பிழைப்பையே விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடலாம்.

என் மருமகன் இன்னும் குடியுரிமை பெறவில்லை. தப்பி ஓடிய இருவரில் ஒருவன் அந்நாட்டிலேயே பிறந்தவன். மற்றவன் கல்வி விசாவில் வந்திருக்கும் நம் நாட்டுப் பிள்ளை, தொழுகையாளி, ஜும்ஆவில் மருமகனுக்குப் பக்கத்தில் நிற்பவன்.

காவலர் கடுமையாக நடந்து கொள்ளவில்லை. அத்துமீறி நுழைந்ததற்கு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஓடியவர்களின் பெயரைக் கேட்டார். மருமகன், "நான் முதலில் அவர்களிடம் பேச விரும்புகிறேன்" என்று சொன்னானாம். காவலர் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, சில நாட்கள் காத்திருப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.

இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவன் உணவு உண்ணவில்லை. இஷாத் தொழுதுவிட்டு என் எதிரே அமர்ந்தான்.

"மாமா, பெயரைச் சொன்னால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் வாப்பா வீட்டை அடகு வைத்துப் படிக்க அனுப்பியிருக்கிறார். முஃமினின் குறையை மறைப்பவனுடைய குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தீர்கள்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. மறைப்பது சிறந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் உலமாக்கள் அதற்கு ஓர் எல்லையும் கண்டிருக்கிறார்கள். ஓர் அடியானுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையிலான பிழையை மறைப்பது ஒன்று. இன்னொரு மனிதனின் உரிமை பறிபோயிருக்கும்போது மறைப்பது வேறொன்று. அந்த வயலுக்குரியவர் முஸ்லிம் அல்லர் என்பதால் அவருடைய உரிமை ஓர் எள்ளளவும் குறைந்துவிடாது. அவருடைய கோதுமையை மிதித்தவை நான்கு வண்டிகள். நான்கு பேரின் சேதத்தை இருவர் தலையில் சுமத்துவதும் அநீதி; பாதை அடைபட்டால் குற்றமே செய்யாத ஊரார் அனைவர் மீதும் சுமத்துவதும் அநீதி.

எனினும், நீயே போய்க் காட்டிக்கொடு என்று சொல்ல என் நா எழவில்லை. அடகு வைத்த அந்த வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் போன்ற பல வாப்பாமார்களை என் ஊரில் எனக்குத் தெரியும். "நாளை ஃபஜ்ருக்குப் பின் அவனிடம் போ. நீ வாய் திறப்பதற்கு முன் அவனே வந்து சொல்ல வேண்டும் என்று கேள். தானாக வந்து ஒப்புக் கொள்பவனை எந்த நீதிபதியும் வேறு விதமாகத்தான் பார்ப்பார். அதற்கு முன்பாக நாம் அந்த விவசாயியைப் பார்ப்போம். காவலர் கேட்பது பெயர். அவருக்கு உரியது நஷ்டஈடு. கொடுக்க வேண்டியதை முதலில் கொடுப்போம்" என்றேன். அவன் வெகு நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அவன் வரமாட்டேன் என்றால்?" என்றான். "அப்போது நீ பொய் சொல்லாதே" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அவன் வந்தான். மறுநாள் மாலையே வந்தான், கண்கள் சிவந்திருந்தன. மதியமே ஒரு வழக்குரைஞரைக் கலந்து கொண்டு, காவலருடன் தானே பேசிவிட்டதாகச் சொன்னான். காவலர் தமக்குரிய அதிகாரத்தைக் கொண்டு அவன் மீது குற்றவியல் வழக்குத் தொடராமல், நில்லாமற் சென்றதற்கு மாகாணச் சட்டப்படி அபராதத்தோடு விட்டார். வேறொரு காவலர் வேறு விதமாகவும் முடிவு செய்திருக்கலாம். அது அவர் உரிமை. அந்நாட்டிலேயே பிறந்த மற்றவன் வரவில்லை. தன் வண்டியை விற்றுவிட்டான் என்றும், இவர்களோடு இப்போது பேச்சு வார்த்தை இல்லை என்றும் பின்னர் கேள்விப்பட்டேன். மருமகன் அவன் பெயரைக் காவலரிடம் சொன்னானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

விவசாயியின் வீட்டுக்கு நாங்கள் நால்வராகச் சென்றோம். எழுபது வயதைக் கடந்தவர். ஊரிலிருந்து நான் கொண்டு சென்றிருந்த பனங்கற்கண்டும் பேரீச்சம் பழமும் ஒரு பையில் இருந்தன. அவர் பையைப் பார்க்கவே இல்லை. எங்களை அழைத்துக் கொண்டு நேரே வயலோரத்துக்கு நடந்தார். வண்டித் தடங்கள் வயலின் குறுக்கே நான்கு கோடுகளாக ஓடின. "எவ்வளவு தர வேண்டும்?" என்று மருமகன் கேட்டான். அவர் தலையை அசைத்தார். பனிக்குக் கீழே எது செத்தது, எது பிழைத்தது என்று இப்போது யாருக்கும் தெரியாது. மே மாதம் வந்து பாருங்கள், பச்சை ஏறாத இடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார். விளையாத சேதத்துக்கு ஒரு காசும் வாங்க அவர் விரும்பவில்லை. ஈடு கொடுக்கும் சட்டத்தை நான் கிதாபுகளில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒரு வயலின் ஓரத்தில் நின்று கேட்டது அதுவே முதல் முறை. பாதையை மூடிவிடுவதாகச் சங்கத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும், அதைப் பற்றி வசந்தத்தில் யோசிப்பதாகவும் சொன்னார். பை அவர் வீட்டு மேசையின் மீது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம்.

நான் ஊர் திரும்பியதும் லாத்தா முதலில் கேட்டது, "வண்டியை விற்றுவிட்டானா?" என்பதே. இல்லை என்றேன். நம்மில் சிலர் இதை வீண் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வாலிபப் பிள்ளை, ஆறு மாதம் இருட்டும் குளிரும் சூழ்ந்த ஊர், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து திரையைப் பார்த்துக் கொண்டிருப்பதைவிட, தலைக்கவசம் அணிந்து திறந்த வெளிக்குச் செல்வது உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது. மது அருந்துவோர் கூட்டத்தோடு போகக் கூடாது, குறிக்கழிகளைத் தாண்டக் கூடாது, கனம் தெரியாத ஏரியில் இறங்கக் கூடாது, இருட்டியபின் தனியே செல்லக் கூடாது என்று அவனிடம் வாக்குப் பெற்று வந்தேன். லாத்தா அரை மனத்தோடு ஏற்றுக் கொண்டார். இன்றைக்கும் குளிர்காலம் பிறந்தால் அவர் தஹஜ்ஜுத் துஆ நீண்டுவிடுகிறது.

மே மாதத்தில் மருமகன் ஒரு படம் அனுப்பினான். பச்சைப் பசேலென்ற கோதுமை வயலின் நடுவே மஞ்சள் பூத்த இரண்டு கோடுகள். மற்ற இரண்டு கோடுகளின் பயிர் பிழைத்துவிட்டது. இரண்டு கோடுகளையும் நாடா வைத்து அளந்து, அவ்வாண்டு விளைச்சலைக் கணக்கிட்டு, அவனும் மற்ற இருவரும் பணம் கொடுத்திருக்கிறார்கள். நான்காமவனின் பங்கையும் மூவரே பகிர்ந்து கொண்டார்கள். பெரியவர் பாதையை மூடவில்லை. ஆனால் தம் வயலோரம் முழுவதும் குறிக்கழிகளை இன்னும் நெருக்கமாக நட வேண்டும் என்று சங்கத்துக்கு நிபந்தனை விதித்தார். நவம்பரில் அந்த வேலைக்குச் சங்கத்தாரோடு இவர்களும் சென்றார்கள். நிலம் உறைவதற்கு முன்பே கழிகளை இறக்கிவிட வேண்டுமாம். உறைந்துவிட்டால் சம்மட்டி அடித்தாலும் இறங்காதாம்.